சங்கக்கடை மயில்வாகனத்தாரின் நாலாம் பரிமாணம்

நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு உலகம் திருப்திப்பட்டுச் சீவித்துக்கொண்டிருந்த காலத்தில், வன்னியில் துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத் திட்டமொன்றில் ஒருவர் மட்டும் அதற்கு ஒப்பவில்லை. அவர் பெயர் மயில்வாகனம். குடியேற்றக் கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேச்சர். அந்த மூன்றிலும் கடவுள் அவருக்குத் தாராளம் காட்டவில்லை என்பது பார்த்தவுடனேயே தெரியும். கட்டை மனிதர், ஒல்லி, பக்கவாட்டில் நின்றால் கூப்பன் அரிசி நிறுக்கிற தராசு எது, மனேச்சர் எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆகவே நாலாவதாகவும் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, தனக்கு வரவேண்டிய பங்கு அங்கேதான் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது.

அவர் சுழிபுரத்தில் பிறந்து, ஜே.எஸ்.சி. வரை இங்கிலீசு படித்து, அந்த இங்கிலீசை வைத்து என்ன செய்வதென்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் தெரியாமற் போனதால் வன்னிக்கு வந்தவர். கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கப் பழைய பத்திரிகைக் கட்டுகள் லொறியில் வரும். ருஷ்யாக்காரர் நாயொன்றை ஆகாயத்துக்கு அனுப்பி இரண்டொரு வருடம் ஆகியிருந்த அந்தக் காலத்தில், ஒருநாள் அரை றாத்தல் சீனிக்குக் கடதாசிச் சரை சுற்றப் போனபோது, தாளில் இருந்த கட்டுரையொன்றில் அவர் கண் விழுந்தது. சீனி வாங்க வந்தவர் நின்று நின்று கால் மாற்றிக்கொண்டிருக்க, மனேச்சர் வாசித்துக்கொண்டிருந்தார். நாம் காண்கிற மூன்று பரிமாணங்களுக்கு அப்பால் நாலாவது ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் ஒருவன் கதவு திறவாமலே பூட்டிய அறைக்குள் வந்து போகலாம். மனிதனுடைய உணர்வு அதன் வாசலில்தான் நிற்கிறது என்ற அளவில் தாள் கிழிந்துபோயிருந்தது.

கீழ்ப்பாதி, அதற்கு முந்திய சரையாகி, கொத்தமல்லியோடு போய்விட்டது. மனேச்சர் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக விசாரித்தார். கடைசியில் அடுத்த காணிக்காரன் சின்னராசாவின் வீட்டில் துப்புத் துலங்கியது. சின்னராசாவின் மனைவி அருந்ததி அதை வைத்து அன்று காலை அடுப்பு மூட்டியிருந்தாள்.

"ஐயோ அண்ணை, எண்ணெய் பிடிச்ச கடுதாசியெண்டுதான் போட்டனான். உங்களுக்கு வேணுமெண்டால் வேறை கடுதாசி கிடக்கு, தரட்டோ?"

பிரபஞ்சத்தின் பாதியைப் புட்டு அவிக்க எரித்துவிட்டு வேறு கடதாசி தரட்டோ என்று கேட்ட அந்தப் பெண்ணை மயில்வாகனத்தார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குப் போய், கீழ்ப்பாதியைத் தானே உண்டாக்கத் தொடங்கினார். மேற்பாதி யாரோ ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியருடையது, கீழ்ப்பாதி சுழிபுரத்து மயில்வாகனத்தாருடையது. பொருத்துத் தெரியாமல் பொருந்தியிருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் சங்கக்கடை வாசலின் நீள மர வாங்கில் இருப்பவர்களுக்குச் சாமானோடு தத்துவமும் கிடைத்தது. சாமானுக்குக் கூப்பன் வேண்டும், தத்துவத்துக்கு வேண்டாம். குளத்துக்கு மேலே தெரிகிற வெளிச்சம், வைத்த இடத்தில் காணாமற் போய் மறுநாள் அதே இடத்தில் இருக்கிற பாக்குவெட்டி, தந்தி வருவதற்கு முதல்நாளே கனவில் வந்து சொல்லிவிட்டுப் போகிற பெரியப்பா எல்லாம் நாலாம் பரிமாணத்துக்குள் அடங்கின. சீனி மூட்டை நிறை குறைவதும் அதனால்தான் என்று அவர் ஒருமுறை கணக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தருக்கு விளக்கினார். உத்தியோகத்தர் மூன்று பரிமாணங்களில் மட்டும் சம்பளம் வாங்குகிறவர், ஏற்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனேச்சர் எழும்பி நின்று, "அது அம்மாளின்ரை விசயம். அதுக்கை நான் கை வைக்கிறேல்லை" என்பார். விஞ்ஞானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை முல்லைத்தீவு றோட்டில் இருந்தது.

"மனந்தான் வாசல்" என்பது கீழ்ப்பாதியின் சாரம். "இப்ப நான் இதிலை இருந்துகொண்டே சுழிபுரத்துக் கிணத்தடியை நினைக்கிறன். நினைச்ச உடனை அங்கை நிக்கிறன். பஸ்சும் இல்லை, றெயினும் இல்லை. எப்பிடி?"

உள்ளேயிருந்து அவருடைய மனைவி விமலேஸ்வரியின் குரல் வரும். கடைக்குப் பின்னால்தான் வீடு. "போறது போறியள், வரேக்கை கிணத்தடி முருங்கையிலை நாலு காய் முறிச்சுக்கொண்டு வாங்கோ."

வாங்கில் சிரிப்பு எழும். மனேச்சர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, எறும்புக்கு வருவார். எறும்புதான் அவருடைய பிரதான உதாரணம்.

"பாயிலை ஒரு எறும்பு ஊருது. அதுக்கு நீளம் தெரியும், அகலம் தெரியும். உயரம் எண்டால் என்னெண்டு தெரியாது. நீ மேலையிருந்து ஒரு சீனி போட்டால், சீனி வானத்தாலை வந்ததெண்டு அது தேவாரம் பாடும். அந்த எறும்பு மாதிரித்தான் நாங்கள்."

"எறும்பு சுவரிலை ஏறுதே அண்ணை?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பவன் சின்னராசா. "உயரம் தெரியாமலே ஏறுது?"

"இது உதாரண எறும்படா. உதாரண எறும்பு ஏறாது."

"எங்கடை வீட்டு எறும்பு கூரைவரைக்கும் ஏறுது."

"உன்ரை வீட்டு எறும்புக்கு நான் பொறுப்பில்லை!"

இந்தச் சண்டை இரண்டு வருடம் நடந்தது. இருவரில் ஒருவருக்காவது சலிப்பு வந்ததாகத் தகவல் இல்லை.

சின்னராசாவுக்கும் ஒரு பித்து இருந்தது. அது காட்டுப் பித்து. அவனும் யாழ்ப்பாணத்து வேலிகளுக்கிடையில் வளர்ந்தவன்தான். பனங்கூடலைக் காடு என்று நம்பியிருந்தவன். வன்னிக்கு வந்து, பழைய ஊர்க்காரரான ஐயாத்துரையரோடு தேனெடுக்க இரண்டு முறை போனதோடு தலைகீழாய் மாறிவிட்டான். ஐயாத்துரையர் காட்டிலே பிறந்து வளர்ந்தவர். ஆகவே காட்டைப் பற்றி அதிகம் பேசமாட்டார். சின்னராசா புதிதாக மதம் மாறியவன் மாதிரி. யானையை யானை என்று சொல்லமாட்டான், 'பெரியவர்' என்பான். காட்டுக்குள் கால் வைக்குமுன் ஓர் இலைக்குழை முறித்து மரக்கொப்பில் தொங்கவிட்டுப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகமாட்டான். ஐயாத்துரையர் சொல்லித் தந்த விதிகளில் ஒன்றைக்கூட அவன் மீறியதில்லை. சொல்லித் தராதவற்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வருடம் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து, பாலைப்பழம் பழுக்கிற நாட்களில், சின்னராசாவின் எருமையொன்று பட்டிக்கு வரவில்லை. அதைத் தேடி அவன் காலையில் காட்டுக்குள் போனான். எருமை பின்னேரமே தன்பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. சின்னராசா வரவில்லை.

செய்தி சங்கக்கடைக்கு வந்தபோது வாங்கில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மயில்வாகனத்தாருக்கு உண்மையிலேயே நெஞ்சு திக்கென்றது. ஆனால் வாய்க்கு நெஞ்சைக் கேட்டு நடக்கிற வழக்கம் இல்லை.

"பயப்பிடாதையுங்கோ. அவன் எங்கையும் போகேல்லை. இந்தக் காட்டிலை ஆக்கள் காணாமல் போறதெண்டு சொல்லுறியளே, அது போறது இல்லை, நழுவுறது. அவன் இங்கைதான், எங்களுக்குப் பக்கத்திலைதான், ஒரு சுவருக்கு அங்காலை நிக்கிறான். சுவர் எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அங்கை நேரம் ஓடாது. நேரம் ஓடாத இடத்திலை சாவும் இல்லை."

வாங்கில் இருந்தவர்கள் எழும்பித் தேடப் போனார்கள். மனேச்சருக்குக் கடையைப் பூட்ட வேண்டிய பொறுப்பு இருந்தது.

மறுநாள் முழுக்கத் தேடினார்கள். சின்னராசா முறித்துத் தொங்கவிட்ட குழை, வாய்க்கால் முடிகிற இடத்தில் காட்டோரம் வாடிக் கிடந்தது. அதிலிருந்து உள்ளே போய், "சின்னராசா! ஓ, சின்னராசா!" என்று நாலு திக்கும் கூப்பிட்டார்கள். தகரம் அடிக்கலாம் என்றதற்கு ஐயாத்துரையர் விடவில்லை. பெரியவர் வெருண்டு தங்கள்மேல் வருவார் என்றார். காலடித் தடம் பார்த்துக்கொண்டு போன அவர், கருங்கற் பாறையொன்றில் தடம் அழிந்துபோக, திரும்பி வந்தார். மூன்றாம் நாள் மத்தியானத்தோடு தேடுவதும் நின்றது. அந்தக் கிழமை வாய்க்காலின் தண்ணீர் முறை அன்றைக்குத்தான் அவர்கள் பக்கத்துக்கு வந்தது. சிறுபோகத்தில் முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைக்கு முன் பயிர் கருகிவிடும். ஒவ்வொருவராக மண்வெட்டியைத் தேடிப் போனார்கள். போகும்போது அருந்ததியின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

"இனி கழுகு சுத்துதோ எண்டு பாக்கவேண்டியதுதான்" என்று ஐயாத்துரையர் மெதுவாகத்தான் சொன்னார். வன்னியில் மெதுவாகச் சொன்னால் தூரம் கேட்கும்.

மயில்வாகனத்தார் பெரிய பீப்பாவிலிருந்து ஒருவருக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது அருந்ததி கடை வாசலில் வந்து நின்றாள். தலை அவிழ்ந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. எண்ணெய் வாங்க வந்தவர் போத்தலைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

"அண்ணை, நீங்கள் சொன்னனீங்களாம், அவர் சாகேல்லையெண்டு."

மனேச்சர் பீப்பாவை மூடினார்.

"சுவருக்கு அங்காலை நிக்கிறாரெண்டு சொன்னனீங்களாம். எல்லாரும் செத்துப் போனாரெண்டு போயிட்டினம். நீங்கள் ஒராள்தான் உயிரோடை இருக்கிறாரெண்டு சொல்லுறியள். எங்கையண்ணை அந்தச் சுவர்? எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ."

மயில்வாகனத்தாரின் வாழ்நாளில் அவருடைய தத்துவத்தை ஒருவர் முழுதாக நம்பியது அதுதான் முதல் தடவை. பூட்டிய அறைக்குள் புகுவது எப்படி என்று இரண்டு வருடம் விளக்கியவருக்குத் தன் கடைக்குள்ளிருந்து வெளியேற வழி தெரியவில்லை.

"பிள்ளை, அது... வந்து... அது ஒரு..."

"போங்கோ" என்றாள் விமலேஸ்வரி. பின்கதவில் நின்றவள் முன்னுக்கே வந்துவிட்டாள். "ரெண்டு வருசமாக் கதைச்சனீங்கள். இண்டைக்கு அந்தப் பிள்ளையோடை போங்கோ. கடையை நான் பாக்கிறன்."

அவர் போனார். எண்ணெய் ஊற்றுகிற பெரிய தகரப் புனல், அந்த வைத்தூற்றி, கையில் இருப்பதை வாய்க்காலைத் தாண்டும்போதுதான் கண்டார். வைக்க இடமில்லை, கொண்டு நடந்தார்.

வன்னிக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் மயில்வாகனத்தார் காட்டுக்குள், அவசரத் தேவைகளுக்கு வேண்டிய தூரத்துக்கு மேல் போனதில்லை. இப்போதும் வாடிய குழை தொங்கிய மரத்தடியோடு அவருடைய கால்கள் நின்றுவிட்டன. உள்ளே பார்த்தார். மரம், மரத்துக்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் இருட்டுமில்லாத வெளிச்சமுமில்லாத ஒன்று. வெளியே வெயில் கொளுத்தியது. மூன்று பரிமாணங்களே ஒரு மனிதனுக்குத் தாராளம் என்ற எண்ணம் அவருக்கு முதன்முதலாக வந்தது.

வைத்தூற்றியின் சின்னப் பக்கத்தை வாயில் வைத்துக் கூப்பிட்டார். "சின்னராசா! டேய் சின்னராசா!" வாயெல்லாம் மண்ணெண்ணெய். காடு கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

"ஏனண்ணை மறுமொழி இல்லை?" அருந்ததி நிலத்தில் இருந்துவிட்டாள். "சுவருக்கு அங்காலை சத்தம் கேக்காதோ?"

ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. "சத்தம் மூண்டு பரிமாணத்துக்குரிய சாமான், பிள்ளை. அங்கை போகாது. மனந்தான் போகும். அதாவது, அவனுக்கும் எங்களுக்கும் இடையிலை..."

"எனக்குச் சொன்னது காணும்!" அவளுடைய அடைத்த தொண்டையிலிருந்து அது கிழிந்துகொண்டு வந்தது. "எனக்கு விளங்காது. அவருக்குச் சொல்லுங்கோ. எங்கை நிக்கிறார், என்னெண்டு வெளியிலை வாறதெண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

மயில்வாகனத்தார் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமி, வைத்தூற்றியை உயர்த்தி, காட்டைப் பார்த்துத் தொடங்கினார்.

"சபையோர்களே!" பழக்க தோசம். "நீளம், அகலம், உயரம் எண்டு மூண்டு பரிமாணம் இருக்கெண்டு எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்தவை..."

பாக்குவெட்டிக்கு வரும்போது குரல் கொஞ்சம் தெளிந்தது. சொல்லிக்கொண்டே போகையில் ஒரு விசயம் அவருக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது: தான் சொல்வதில் ஒரு சொல்லைக்கூடத் தான் நம்பவில்லை. அவன் உள்ளே எங்கேயோ பாறைக்கடியில் செத்துக் கிடக்கிறான். தான் நின்று எறும்புக் கதை சொல்வது ஒரு பிணத்துக்கு. ஆனால் நிறுத்தினால் அருந்ததி அழுவாள். அவள் அழுதுவிட்டால் அது முடிந்த காரியமாகிவிடும். ஆகவே நிறுத்தவில்லை. மேற்பாதி முடிந்தது, கீழ்ப்பாதி தொடங்கியது. யாரும் இடையில் மறிக்காமல் முழுவதையும் சொல்வது அவருக்கு அதுவே முதல் முறை. மறிக்க ஆளில்லாவிட்டால் அது எவ்வளவு சின்னது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முடிந்துவிட்டது. அருந்ததி நிமிர்ந்து பார்த்தாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"...பாயிலை ஒரு எறும்பு ஊருது. அதுக்கு உயரம் எண்டால் என்னெண்டு தெரியாது. ஆனபடியால், அது ஒரு நாளும் மேலை ஏறாது..."

காட்டுக்குள்ளிருந்து, வெகு தூரத்தில், ஒட்டிப்போன உதடுகளைப் பிரித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது.

"ஏ... றும்!"

வைத்தூற்றி கையைவிட்டு விழுந்தது. அருந்ததி அதைப் பாய்ந்து எடுத்து அவர் கையில் திணித்தாள். "கதையுங்கோ! நிப்பாட்டாதையுங்கோ! கதையுங்கோ அண்ணை!"

"ஏறாது!" என்று அலறினார் மயில்வாகனத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "உதாரண எறும்பு ஏறாதெண்டு எத்தினை தரமடா சொல்லுறது!"

"ஏறும்!" சத்தம் கொஞ்சம் கிட்ட வந்தது.

"ஏறாதடா, விசரா! இங்காலை வந்து சொல்லடா!"

"அங்கைதான் வாறன்! ஏறுமண்ணை!"

பொழுது சாயும்வரை இருவரும் தர்க்கித்தார்கள். உலக சரித்திரத்தில் தத்துவத் தர்க்கமொன்று இவ்வளவு தெளிவான முடிவுக்கு வந்தது குறைவு. கடைசியில் பற்றைகளை விலக்கிக்கொண்டு சின்னராசா வெளியே வந்தான். உடுத்த சாரம் கிழிந்து, உடம்பெல்லாம் முள்ளுக் கீறி, பாலைப்பழப் பால் காய்ந்த உதடுகளோடு அவன் நின்ற கோலத்தைப் பார்த்து அருந்ததி ஓடிப் போய்க் கட்டிப்பிடிப்பாள் என்று மனேச்சர் மரியாதையாக மறுபக்கம் திரும்பினார். அடி விழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"மூண்டு நாளாக் கத்தினனான்! ஏன் மறுமொழி சொல்லேல்லை? ஊர் முழுக்கக் கூப்பிட்டுது!"

"கேட்டது" என்றான் சின்னராசா, அடியைத் தடுக்காமல். "எல்லாம் கேட்டது. பேர் சொல்லியெல்லோ கூப்பிட்டது? காட்டிலை பேர் சொல்லிக் கூப்பிட்டால் மறுமொழி குடுக்கப்படாது. பேய்தான் கூப்பிடும். காதைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் ஓடினன்."

"என்ரை குரல் தெரியேல்லையோ?"

"உன்ரை குரலிலையே கூப்பிட்டுது. அதுதான் பெரிய பேயெண்டு இன்னும் உள்ளுக்குப் போனன்."

"அப்ப மனேச்சர் அண்ணையின்ரை குரல் மாத்திரம்?"

சின்னராசா மயில்வாகனத்தாரை நன்றியோடு பார்த்தான். "பேய்க்கு இவ்வளவு விசர்க்கதை வராது."

ஐயாத்துரையரிடம் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அது இரவுக்குச் சொன்ன விதியெல்லோ! விடியப்புறமும் மத்தியானமும் காதைப் பொத்துவானெண்டு நான் கண்டனே?" என்று மட்டும் சொன்னார்.

கதை பரவியது. தேனும் மான்கொம்பும் வாங்க வருகிற கச்சு முகம்மது அதைத் தன் லொறியில் ஏற்றி வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மயில்வாகனத்தார் மூன்று மனிதரையும் ஒரு யானைக்குட்டியையும் நாலாம் பரிமாணத்திலிருந்து மீட்டிருந்தார். "நான் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லை மனேச்சர்," என்றார் கச்சு முகம்மது. "சனம் கேட்டுது, நான் ஓம் ஓமெண்டு சொன்னனான்." கண்டாவளையிலிருந்து வாசிகசாலைக்காரர் வந்து, ஆண்டு விழாவில் 'நாலாம் பரிமாணமும் நமது காடும்' என்ற பொருளில் பேச வேண்டுமென்று கேட்டுப் போனார்கள். மயில்வாகனத்தாருக்கு ஒரு சால்வை வாங்க வேண்டியிருந்தது. ஒரு நிரூபணமும் வேண்டியிருந்தது. சால்வை கிடைத்தது.

விழாவுக்கு நாலைந்து நாட்களுக்கு முன், கடையில் ஆளில்லாத மத்தியானத்தில் சின்னராசா வந்தான். கண் குழி விழுந்திருந்தது. காட்டிலிருந்து வந்த நாள்முதல் அவன் நித்திரை கொள்வதில்லை, வயலுக்கும் போவதில்லை என்று அருந்ததி விமலேஸ்வரியிடம் அழுதது மனேச்சருக்குத் தெரியும்.

"அண்ணை, உங்களிட்டை மட்டும் ஒண்டு சொல்லுறன். மற்றவை சிரிப்பினம்."

"சொல்லு."

"உள்ளுக்கை, ரெண்டாம் நாள், ஒரு பாலை மரத்துக்குக் கீழை இருந்தனான். இருந்தபடியே பாக்கிறன், நான் மேலை நிக்கிறன். கீழை என்ரை தலை தெரியுது. தலையிலை சருகு கிடக்கிறதும் தெரியுது. அப்ப அருந்ததியின்ரை குரல் கேட்டது. பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. 'எனக்குச் சொன்னது காணும், அவருக்குச் சொல்லுங்கோ' எண்டு. ஆருக்குச் சொல்லுறாளெண்டு விளங்கேல்லை. வீட்டை வந்து கேட்டால், அவள் அதைச் சொன்னது மூண்டாம் நாளாம். உங்களுக்காம்."

மயில்வாகனத்தார் தராசைப் பிடித்துக்கொண்டார்.

இதைவிட என்ன வேண்டும்? உடலைவிட்டு விலகி நின்ற உணர்வு. நாளைக்குச் சொல்லப்படுகிற சொல்லை இன்றைக்கே கேட்ட காது. அந்தச் சொல் சொல்லப்பட்டபோது பக்கத்தில் நின்ற சாட்சி, மயில்வாகனத்தார்தான். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக்கூட இப்படியொன்று கிடைத்திருக்காது. கண்டாவளை வாசிகசாலை மண்டபம் முழுக்க எழும்பி நின்று கைதட்டுவது அவருக்குக் கேட்டது. நாளைய சத்தம் இன்றைக்கே கேட்பது சாத்தியம் என்பதற்கு அதுவும் ஒரு அத்தாட்சி.

"அண்ணை," என்றான் சின்னராசா. குரல் இறங்கிப்போயிருந்தது. "நீங்கள் சொல்லுறது மெய்தான். இவ்வளவு நாளும் நான் பகிடி பண்ணினன். நான் நழுவித்தான் போனனான். இப்ப கண்ணை மூடினால் பயமாக் கிடக்கு. கண்ணை மூட, மேலை போயிடுவன். திரும்பி வராட்டில்? வயலுக்குப் போனாலும், வரம்பிலை நிண்டுகொண்டிருக்கேக்கை அங்காலை போனால்? ஒருக்கால் வாசல் திறந்தால் பிறகு திறந்தபடிதானேயண்ணை கிடக்கும்? உங்கடை கீழ்ப்பாதியிலை அப்பிடித்தானே இருக்கு?"

கீழ்ப்பாதியில் அப்படித்தான் இருந்தது. மயில்வாகனத்தார்தான் போட்டவர்.

அவர் கதிரையை இழுத்து அவனுக்குப் போட்டார். ஒரு பனங்கட்டியை உடைத்துப் பாதியைக் கொடுத்தார். தனக்கு ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

"டேய், மூண்டு நாள் என்ன சாப்பிட்டனீ?"

"பாலைப்பழம்."

"வேறை?"

"மோட்டைத் தண்ணி."

"வெறும் வயித்திலை பாலைப்பழமும் குட்டைத் தண்ணியும். வெயில். பசியிலை தலை சுத்தினால் மேலையிருந்து பாக்கிறமாதிரித்தான் கிடக்கும். எனக்கும் கந்தசட்டி விரதத்திலை வந்திருக்கு. என்ரை மொட்டையையே நான் பாத்திருக்கிறன்."

"அப்ப அருந்ததி சொன்னது?"

"காட்டுக்கை நிண்டவனுக்கு எது ரெண்டாம் நாள், எது மூண்டாம் நாளெண்டு தெரியுமோ? கலண்டர் கொண்டே போனனீ? மூண்டாம் நாள் கேட்டதை ரெண்டாம் நாளெண்டு நினைக்கிறாய்."

"அவ்வளவு தூரத்துக்குக் கேக்குமோ? தொண்டை அடைச்ச குரல்."

கேட்டிருக்காது என்று மயில்வாகனத்தாருக்குத் தெரியும். வைத்தூற்றியோடு அவர் போட்ட கூக்குரலே அவனுக்குச் சாடையாகத்தான் கேட்டது.

"காத்து" என்றார். "சோளகம். காத்து கொண்டு வந்திருக்கும்."

"அப்ப நாலாம் பரிமாணம்?"

மனேச்சர் கடையைச் சுற்றிப் பார்த்தார். அரிசி மூட்டை, எண்ணெய்ப் பீப்பா, சுவரில் அளவைப் படிகள். எல்லாம் நீளமும் அகலமும் உயரமுமாக, வேறெதுவும் வேண்டாமல், தங்கள்பாட்டில் இருந்தன.

"அப்பிடி ஒண்டும் இல்லையடா. கீழ்ப்பாதி நான் கட்டினது. மேற்பாதி எழுதினவனும் எங்கையாவது பொழுது போகாமல் எழுதியிருப்பான்."

சின்னராசா அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தான். பொய் சொல்கிறாரோ என்று பார்த்தான். சங்கக்கடை மனேச்சர்மாருக்கு முகத்தை மாற்றாமல் வைத்திருப்பது தொழிற் பழக்கம். அவன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எழும்பிப் போய்விட்டான். மயில்வாகனத்தார் அன்று பின்னேரம் கடையை நேரத்தோடு பூட்டினார். வயிற்றுக் குத்து என்று விமலேஸ்வரிக்குச் சொன்னார்.

கண்டாவளை விழாவுக்குச் சின்னராசாவும் அருந்ததியும் கூடவே பஸ்சில் வந்தார்கள். மீட்கப்பட்டவனைக் காண மண்டபம் நிறைந்திருந்தது. சின்னராசாவை முன் வரிசையில் இருத்தினார்கள். அவன் கண்கள் சிவந்து, கைகள் கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தன. கடையில் கேட்டதை அவன் முழுதாக நம்பவில்லை என்பது மேடையிலிருந்தே தெரிந்தது. மனேச்சர் சபையில் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்க வந்திருந்தான்.

மயில்வாகனத்தார் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"சபையோர்களே! கூட்டுறவுச் சங்கத்தினால் கமக்காரருக்கு விளையும் நன்மைகள் பத்து. அவற்றுள் முதலாவது..."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "நாலாம் பரிமாணம் எங்கை மனேச்சர்?" என்று கேட்டார். மயில்வாகனத்தார் அவருக்கு உரம் பகிர்ந்தளிப்பதைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது நன்மையோடு பின்வரிசை எழும்பிப் போனது. ஐந்தாவதோடு வாசிகசாலைத் தலைவர் கொட்டாவி விட்டார். ஆறாவது நன்மையில் மயில்வாகனத்தார் தற்செயலாக முன் வரிசையைப் பார்த்தார். சின்னராசாவின் பிடி தளர்ந்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, அவன் நித்திரையாகிப் போயிருந்தான். பெண்கள் பக்கத்திலிருந்த அருந்ததி அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயில்வாகனத்தார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பத்து நன்மைகள் பதினெட்டாயின. பதினெட்டுக்குப் பிறகு பாதகங்கள் தொடங்கின. பேச்சை முடிக்கச் சொல்லி அடிக்கத் தலைவர் மணியைத் தூக்கியபோது அவர் மெல்ல எட்டி, மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, பேச்சைத் தொடர்ந்தார்.